மருத்துவர் மீது மெடிக்கல் கவுன்சிலில் புகார்: எழுதும் முன்பும் எழுதிய பின்பும்

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். மருத்துவமனையில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். நஷ்டஈடு பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. "அந்த டாக்டர் இனிமே யாருக்கும் ஆபரேசன் பண்ணக் கூடாதும்மா, அதுக்கு என்ன வழி?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கான வழி, மருத்துவர்களைப் பதிவு செய்து அவர்கள் நடத்தையை விசாரிக்கும் மெடிக்கல் கவுன்சில். கவுன்சிலுக்கு எது முடியும், எங்கே அதன் கை கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்து எழுதினால்தான் மனு நிற்கும். கோபத்தை மட்டும் எழுதி அனுப்பிய மனுக்கள் அலமாரியில் தூங்குவதைப் பார்த்து வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கே போவது

எம்.பி.பி.எஸ் படித்துப் பதிவு செய்தவர் என்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். பல் மருத்துவர், சித்த மருத்துவர், ஓமியோபதி மருத்துவர், நர்ஸ் என்று மற்றவர்களுக்குத் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு. இவற்றின் பிடி பதிவு பெற்ற தனி ஆள் மீதுதான், கட்டடத்தின் மீது இல்லை. ஆபரேஷன் தியேட்டர் சுத்தமில்லை, இரவில் டியூட்டி டாக்டரே கிடையாது என்பது போன்ற புகார்களை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், அதாவது ஜே.டி. ஆபீஸில் கொடுங்கள். தனியார் மருத்துவமனைகளின் பதிவு 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் கையில்தான் இருக்கிறது. போலி டாக்டர் என்றால் போலீஸுக்கும் ஜே.டி. ஆபீஸுக்கும் போங்கள். பதிவேட்டில் இல்லாத பெயரைக் கவுன்சில் எப்படி நீக்கும்?

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட கதவு அது. இரண்டு வருடக் கெடு உண்டு, தவறவிடாதீர்கள். குற்ற வழக்கு வேறு தடம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தை வாங்காமல் போலீஸ் மேலே நகராது. கவனக்குறைவு கடுமையானதாகவும் இருக்க வேண்டும்.

முதல் வேலை கேஸ் ஷீட்

ஆள் இறந்திருந்தால், உடலை வாங்கும் முன்பே பிரேதப் பரிசோதனை பற்றி முடிவெடுங்கள். அந்த நேரத்தில் இதைச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எரித்த பிறகு இறப்புக்கான காரணத்தை நிறுவப் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, முழு கேஸ் ஷீட்டின், அதாவது சிகிச்சை ஆவணங்கள் மொத்தத்தின், நகல் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் பாதுகாக்க வேண்டும். மறுப்பதே நடத்தைக் குற்றம். சிகிச்சையில் தவறு நடந்ததா என்று வருடக்கணக்கில் வாதாடலாம். 72 மணி நேரத்தில் தரவில்லை என்பதை நிரூபிக்க இரண்டு தேதிகள் போதும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அது எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவது. நடந்தது நடந்தபடி இருப்பது நர்ஸ்கள் எழுதும் சார்ட்டிலும் மயக்க மருந்துக் குறிப்பிலும்தான். என்னிடம் வந்த ஒரு சிசேரியன் கேஸில், சம்மரி 'திடீரென்று நிலைமை மோசமானது' என்றது. நர்ஸ் சார்ட்டைப் பிரித்தால், இரவு 11.30-க்கு நாடித்துடிப்பு 84. 12.15-க்கு 112. 1.10-க்கு 136, ரத்த அழுத்தம் 80/50, பக்கத்தில் 'டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது' என்று பச்சை மையில் ஒரு வரி. மருத்துவர் எழுத வேண்டிய பக்கத்தில் அடுத்த பதிவு 3.20-க்கு. நடுவில் வெறும் கோடுகள். அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்து, மனுவின் முதல் இணைப்பாக வைத்தேன். விசாரணையில் கமிட்டி கேட்ட முதல் கேள்வியே அந்த 2 மணி 10 நிமிடத்தைப் பற்றித்தான். தூக்கமில்லாமல் ஓடியாடிய அந்த நர்ஸ் நேரத்தை நேர்மையாகக் குறித்திருக்காவிட்டால் எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

மருத்துவரின் பெயர், பதிவு எண். பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அவர் போட்டே ஆக வேண்டும், போடவில்லை என்றால் அதையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேருங்கள். பிறகு தேதி, நேர வரிசையில் நடந்தவை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தப் பக்க ஆவணம் என்ற குறிப்பு. 'கொலைகாரர்', 'பணப்பேய்' போன்ற சொற்களை எழுதித் தீர்த்துவிட்டு, அனுப்பும் பிரதியில் எடுத்துவிடுங்கள்.

முக்கியமானது இனிமேல். மருத்துவத் திறமைக்குறைவைச் சக மருத்துவர்களே மதிப்பிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதாவது உங்கள் மனுவைப் படிக்கப் போகிறவர்கள் மருத்துவர்கள். சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, நடத்தை தவறுவது வேறு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஆகவே 'ஆள் செத்துப்போனார், அதனால் தவறு' என்று எழுதினால் எடுபடாது. கூப்பிட்டும் வரவில்லை, தனக்குத் தகுதியில்லாத சிகிச்சையைச் செய்தார், ஒப்புதல் வாங்கவில்லை, கமிஷன் வாங்கினார், ஆவணத்தைத் திருத்தினார் என்று செய்கையைச் சுட்டி எழுதுங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் 2008-இல் வந்த சமீரா கோலி தீர்ப்பு பெரிய பலம். லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) ஒப்புக்கொண்ட 44 வயதுப் பெண். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அது ஒப்புதலே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே உங்கள் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். எந்த ஆபரேஷன் என்ற இடம் வெறுமையாக இருக்கிறதா? கையெழுத்து ஒரு மையிலும் மற்றவை வேறு மையிலும் இருக்கின்றனவா?

மருத்துவரை மருத்துவர்களே விசாரிப்பது நியாயமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அது முழு நியாயமாகப் படவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரையே 2010-இல் லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது, அந்த அமைப்பே கலைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆனால் மாநில அளவில் விசாரிப்பது இன்றும் கவுன்சில்கள்தான். மருத்துவம் படிக்காத பொதுமக்கள் பிரதிநிதிகள் விசாரணைக் கமிட்டியில் கணிசமாக உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை மனுவிலேயே இரண்டு கோரிக்கை வையுங்கள்: அந்த மருத்துவரோடோ மருத்துவமனையோடோ தொழில் தொடர்புள்ள உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும், நிபுணர் கருத்தை வேறு மாவட்டத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள். விசாரணை முடியும்வரை, புகாருக்குள்ளான அந்தச் சிகிச்சையை மட்டும் அந்த மருத்துவர் செய்யாமல் தடுத்து வைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 2002 விதிமுறைகளின் 8.5. அடுத்த நோயாளியைக் காப்பாற்றக்கூடிய விதி அது. நிரூபணமாகும் முன் ஒருவர் தொழிலில் கைவைக்கக் கவுன்சில் தயங்கும், அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் அதே சிகிச்சையில் இன்னொரு நோயாளிக்கும் பாதிப்பு இருந்தால் அந்த ஆவணத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

அனுப்பிய பிறகு

மருத்துவருக்கும் உரிமைகள் உண்டு. புகாரின் நகல், பதில் சொல்ல அவகாசம், வழக்கறிஞர் வைத்து வாதாடும் வாய்ப்பு எல்லாம் அவருக்குக் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தண்டனை உத்தரவு உயர் நீதிமன்றத்தில் அடிபடும். ஆகவே எல்லா இணைப்புகளுக்கும் போதுமான நகல்களை நீங்களே கொடுத்துவிடுங்கள், நோட்டீஸ் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அவருடைய உரிமைகளைக் காப்பது உங்களுக்கே லாபம்.

விதிப்படி கவுன்சில் 6 மாதத்தில் முடிவெடுக்க வேண்டும். தானாக முடியும் என்று நம்பி உட்காராதீர்கள். நான்காம் மாதம் ஒரு நினைவூட்டல். ஐந்தாம் மாதம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டி, கோப்பு யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று ஒரு மனு. ஆறு மாதம் தாண்டினால் அதே விதிமுறைகளின் 8.7-ஐச் சுட்டி, டெல்லியில் தேசிய ஆணையத்தின் நெறிமுறை வாரியத்துக்கு எழுதுங்கள். அதுவும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் மனு.

'கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, அது முடியட்டும்' என்ற பதில் அடிக்கடி வரும். ஏற்காதீர்கள். நீதிமன்றம் பார்ப்பது குற்றத்தை, நுகர்வோர் ஆணையம் பார்ப்பது சேவைக் குறைபாட்டை, கவுன்சில் பார்ப்பது நடத்தையை. ஒன்றின் முடிவு இன்னொன்றைக் கட்டாது. சிகிச்சைக்குப் பின் 1998-இல் இறந்த அனுராதா சாஹா என்ற பெண்ணின் விஷயத்தில் மேற்கு வங்கக் கவுன்சில் மருத்துவர்கள் மீது தவறில்லை என்றது. அதே விஷயத்தில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுத்தது.

புகார் நிலுவையில் இருக்கும் காலத்தில் ஃபேஸ்புக்கிலோ வாட்ஸாப் குழுவிலோ மருத்துவரின் படத்தைப் போடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். அந்தச் செய்தியைக் கேட்டு நான் பதறியது அந்த மருத்துவருக்காக. புகார்கள் வருடக்கணக்கில் கிடக்கும்வரை மருத்துவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

ஆன்லைன் டாக்டர், யூடியூப் விளம்பரம்

இது புதிய தலைவலி, கவுன்சில்களுக்கும்தான். டெலிமெடிசினுக்கான, அதாவது போன், இணையம் வழி மருத்துவத்துக்கான வழிகாட்டுதல்கள் 2020 மார்ச்சில் வந்தன. மருத்துவர் பெங்களூரில், பதிவு வேறு மாநிலத்தில், நோயாளி தேனியில் என்றால் யார் விசாரிப்பது என்று கோப்பு அலையும். மருந்துச் சீட்டில் உள்ள பதிவு எண் எந்த மாநிலத்தது என்று பார்த்து அந்த மாநிலக் கவுன்சிலுக்கு அனுப்பி, நகலைத் தமிழ்நாட்டுக்கும் போடுங்கள். சாட் உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். சமூக ஊடக நடத்தை பற்றி 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிமுறைகள் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றை மேற்கோள் காட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேயே மடக்குவார். விளம்பரப் புகார் என்றால் 2002 விதிமுறைகளின் 6.1-ஐ எழுதுங்கள்.

உத்தரவு வந்ததும்

எச்சரிக்கை, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயர் நீக்கம், அல்லது தள்ளுபடி. தள்ளுபடி என்றால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். இங்கே ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது: 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறது. இதைக் காட்டி நோயாளிகளின் மனுக்களைத் திருப்பி அனுப்பிய காலம் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்று 2002 விதிமுறைகளின் 8.8 சொல்கிறது, 2004-இல் சேர்த்தது. அதைச் சுட்டி 60 நாளுக்குள் அந்த நெறிமுறை வாரியத்துக்கு அனுப்பிவிடுங்கள். திருப்பினால் அந்தக் கடிதத்தோடு உயர் நீதிமன்றம் போகலாம். உத்தரவு உங்கள் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்துதான் கெடு, அந்தத் தேதியை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதனால் தபால் முத்திரை உள்ள அந்த உறையை உத்தரவோடு பின் செய்து வையுங்கள்.