மழைத்தண்ணீரில் நடந்தீர்களா? கெண்டைக்காலைக் கவனியுங்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் ஒரு பெருமழை போதும், தெருவே குளம்தான். எலி, நாய், தெருவில் கட்டிய மாடு எல்லாவற்றின் சிறுநீரும் அதில் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அப்படித்தான் பரவுகிறது. காலில் ஒரு சிராய்ப்போ பித்தவெடிப்போ இருந்தாலே உள்ளே புகுந்துவிடும்.

உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சல், தலைவலி எல்லாம். டெங்கு என்றே தோன்றும். ஆனால் கெண்டைக்காலை அழுத்தினால் உயிர் போகிற வலி, பீளை கட்டாமலே கண் சிவப்பது, இரண்டும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போனதும், அவர் கேட்காவிட்டாலும், “மழைத்தண்ணீரில் நடந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகும். விட்டால் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும்.

சரி, தண்ணீரில் இறங்காமல் இங்கே பிழைப்பு நடக்குமா? ரப்பர் பூட்ஸ் நல்லது. இல்லையென்றால் புண்ணின் மேல் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள், வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். அப்புறம், வீட்டில் நாய் வளர்த்தால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி வேறு, இது வேறு.