பழைய மாத நாவல்களைச் சேர்ப்பதும் விற்பதும்: புதுச்சேரி, கடலூர் வாசகர்களுக்கு

புதுச்சேரிக் காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில், துணிக்கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே சாக்கு விரித்துப் போட்டிருக்கும் பழைய புத்தகங்களைக் கிளறினால், ‘மாலைமதி’, ‘ராணி முத்து’, துப்பறியும் மாத நாவல்கள், ராணி காமிக்ஸ் என்று ஒரு காலத்தில் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய இதழ்கள் இன்றும் அகப்படும். ஆனால் நல்ல பிரதிகள் பெரும்பாலும் சந்தைக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடுகின்றன. வீடு காலி செய்பவர்களும், மூடப்படும் வாடகை நூலகங்களும் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடையில்தான் போடுகிறார்கள். அங்கிருந்து அவை அரவைக்குப் போய்விடும். ஆகவே மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ உங்கள் பகுதியில் உள்ள பேப்பர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, எடைக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதாக ஒப்புக்கொள்வதே சிறந்த வழி. கோடையில் வாங்குங்கள். ஐப்பசி மழையில் நனைந்து காய்ந்த புத்தகக் கட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

வாங்குமுன் பக்கங்களை எண்ணிப் பார்ப்பது கட்டாயம். இவ்விதழ்களில் பல, தாள்களை நடுவே மடித்துக் கம்பிப் பின் அடித்தவை. 96 பக்க இதழில் ஒரு தாள் கழன்று விழுந்தால், 5, 6ஆம் பக்கங்களோடு 91, 92ஆம் பக்கங்களும் சேர்ந்தே போய்விடும். இதை அறியாத காலத்தில் நான் ஒரு சந்தையில் பேரம் பேசி வாங்கிய கட்டில், துப்பறியும் நாவல்கள் மூன்றில் கொலையாளி யார் என்று சொல்லும் பக்கம் இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, “கதையைக் கேட்டுத்தானே வாங்கினீர்கள், பக்கத்தையா கேட்டீர்கள்?” என்றார். அன்றிலிருந்து நடுப்பக்கத்தைத் திறந்து, கம்பிப் பின் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிய பிறகே விலை பேசுகிறேன்.

அடுத்தது காலத்தைக் கணிப்பது. ‘மலர் 3, இதழ் 7’ என்ற குறிப்பும் மாதமும் ஆண்டும் இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் அட்டை கிழிந்து, முதல் தாளும் போன இதழ்களுக்கு உள்ளே இருக்கும் சான்றுகள்தாம் துணை. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டதாக இருக்கும். 1964 ஜூனில் ‘நயா’ என்ற அடைமொழி நீக்கப்பட்டது. பதிப்பாளர் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், அந்த இதழ் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது என்பது உறுதி. ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளில் ஐகாரக் குறி யானைத் துதிக்கை போல மேலே வளைந்திருந்தால், 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்ததற்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆயினும் அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதால், இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். பின்னட்டைத் திரைப்பட விளம்பரம் இவையனைத்தையும்விடத் துல்லியமாகக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. காமிக்ஸ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’ போன்றவை பின்னாளில் மறுபதிப்புக் கண்டவை, முதல் அச்சுக்கும் மறு அச்சுக்கும் விலையில் பெரும் வேறுபாடு இருக்கும்.

வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்து, ஊர் பைண்டரிடம் காலிகோ துணியில் முதுகு வைத்துத் தைத்த வீட்டுத் தொகுப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தகமாக வரும்போது ஓவியங்கள் பெரும்பாலும் விடுபட்டுவிடுவதால், மணியம், கோபுலு, ஜெயராஜ், மாருதி ஆகியோரின் படங்களுக்காகவே இத்தொகுப்புகளைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை மணியத்தின் படங்களோடு வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொகுப்பு அத்தகையது. வாங்கும்போது இடையில் ஏதேனும் வாரம் விடுபட்டிருக்கிறதா என்று அத்தியாய எண்களைக் கொண்டு சரிபார்க்கவும். பைண்டர் ஓரம் வெட்டியபோது படத்தின் விளிம்போ ஓவியரின் கையெழுத்தோ போயிருந்தால் மதிப்புக் குறையும். பின்பக்கம் வேறு கட்டுரையின் பாதி ஒட்டிக்கொண்டிருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எனக்கு அதுவே சுவாரசியம்.

நம் கடற்கரையில் சேகரிப்பதைவிடக் காப்பதுதான் கடினம். சாணித்தாள் எனப்படும் மட்டரகக் காகிதத்தில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டு அது அமிலமாகிப் பழுத்து, மடித்த இடத்தில் முறுக்கைப் போல ஒடியும். உப்புக் காற்றில் பின் துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளை அரிக்கும். துருவேறிய பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடலாம். செல்லோ டேப் மட்டும் ஒட்ட வேண்டாம், லாமினேஷனும் வேண்டாம். இராமபாணப் பூச்சி மைதாப் பசையைத் தேடி வரும். பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் என்ற நச்சுப்பொருளைக் கலந்தது அதனால்தான். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், இதழைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடவும். உடனே திறந்தால் தாளின் மேலேயே ஈரம் படியும். வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில் மின்விசிறிக் காற்று போதும். பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். 2015 வெள்ளத்தைக் கண்ட கடலூர்க்காரர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்கும்போது, இதழ் பழையது என்பதாலேயே விலை வந்துவிடாது. காதல் கதைகளும் குற்றக் கதைகளும் ஏராளமாக அச்சானவை. ஒற்றைப் பிரதிக்குப் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். ஓர் எழுத்தாளரின் நாவல்களை வரிசையாகத் திரட்டியோ, ஓர் ஆண்டின் பன்னிரண்டு இதழ்களையும் முழுமையாகச் சேர்த்தோ கொடுத்தால் மதிப்புக் கூடும். காமிக்ஸுக்கு எப்போதும் கூடுதல் கிராக்கி. வாடகை நூலக முத்திரை சிலருக்குக் குறை, சிலருக்கு வரலாறு. எப்படியானாலும் படத்தில் தெரியும்படி காட்டிவிடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுப்பக்கம் ஆகியவற்றோடு, குறை உள்ள இடத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினால் பிறகு சச்சரவு வராது. உங்களிடம் உள்ள பிரதியை விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக விற்பது வேறு. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது என்பதால், உரிமையாளரின் அனுமதியின்றி அது சட்டப்படி குற்றம்.

அஞ்சலில் அனுப்பும்போது இதழைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதைவிட இரு விரற்கடை பெரிய அட்டைகள் இரண்டுக்கு நடுவே வைத்துக் கட்டவும். ஓரம் மடங்குவதற்குத் துணி உறை மட்டும் போட்டு அனுப்புவதே பெரும்பாலும் காரணம். ஸ்பீட் போஸ்ட் போதுமானது. புயல் எச்சரிக்கை உள்ள வாரமென்றால், வாங்குபவரிடம் சொல்லிவிட்டு வானம் வெளுத்த பிறகு அனுப்புங்கள்.