காணிப் பழங்குடி விவசாயக் குடும்பத்தோடு பழக: சபை ஊழியர்களுக்கு

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளுக்குப் புதிதாகப் போகிறவர் முதலில் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அணைக்கு அக்கரை ஊர்களுக்குப் படகுதான். திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

காலையில் வீட்டுக்குப் போகவே கூடாது. ரப்பர் வெட்டு விடியுமுன் தொடங்கும், வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். எடுத்த பாலில் தண்ணீர் கலந்து, அரித்து, ஆசிட் விட்டு உறைய வைக்கும்வரை பேச்சுக் கொடுக்காதீர்கள். தாமதித்தால் வாளியிலேயே திரிந்து கட்டியாகும். அதற்கு ரப்பர் ஷீட்டின் விலை கிடைக்காது. மத்தியானத்துக்குமேல் போங்கள். கட்டன்சாயாவும் (பால் விடாத தேநீர்) அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) தந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதுதான் உறவின் தொடக்கம். கூடமாட ஷீட்டைக் கொடியில் போட்டுக் கொடுக்கலாம்.

ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் பட்டை நனைந்து வெட்டு நிற்கும், கையில் காசிருக்காது. அப்போது காணிக்கை என்று வாயைத் திறக்காதீர்கள், அரிசியோடு போங்கள்.