பறையா, தப்பா? பெயர் பற்றிய விமர்சனத்துக்குக் கலைக்குழு பதில் சொல்லும் முறை

நாம் அடித்து ஆடும் வட்டத் தோற்கருவிக்குப் பறை, தப்பு என்று இரண்டு பெயர். அழைப்பிதழில் ‘தப்பாட்டக் குழு’ என்று அச்சிட்டால், இழிவான பெயரை இன்னும் ஏன் சுமக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்பார். ‘பறையாட்டக் குழு’ என்று மாற்றினால், தாத்தா காலத்திலிருந்து தப்பு என்றுதானே சொல்லி வந்தோம், அதை அழிக்க நீங்கள் யார் என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் சூட்டோடு சூடாகப் பதில் எழுத வேண்டாம்.

முதலில், கேட்பவர் யார் என்று பாருங்கள். சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று ஊரார் கட்டாயப்படுத்திய குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் ‘அந்தச் சொல்லே வேண்டாம்’ என்றால், அவரிடம் சொல்லாராய்ச்சி பேசுவது முறையன்று. உட்கார்ந்து கேட்பதே முதல் பதில். கருவியைத் தொட்டும் பாராமல் பெயருக்காக மட்டும் வழக்காடுபவருக்கு அவ்வளவு நேரம் தர வேண்டியதில்லை.

சொல்லின் வேரைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமென்றால் அளந்து பேசுங்கள். தப்பு என்றால் பிழை என்று மட்டும் பொருளில்லை. துணியைத் தப்புதல் என்னும் வழக்கில் அடித்தல் என்ற பொருளும் உண்டு, தெலுங்கு நாட்டில் இதே வகைக் கருவிக்கு டப்பு என்று பெயர். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் அது இன்றும் அன்றாடப் பேச்சு. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. ஆனால் பழந்தமிழில் பறை என்பது தோற்கருவிகள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்கிய பெயர் என்பதால், நாம் இன்று அடிக்கும் வட்டக் கருவியேதான் அது என்று மேடையில் முழங்கினால், விவரமறிந்த ஒருவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். கருவியின் பெயரோடு ஒரு சாதியின் பெயரும் ஒட்டியிருப்பதை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் பெருமைதான். அதற்காக அந்த விருதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, பழைய காயத்தைப் பற்றிப் பேசுபவரின் வாயை அடைக்கக் கூடாது.

அதன்பின் குழுவாகக் கூடி முடிவெடுங்கள். மூத்த ஆட்டக்காரரும் புதிதாகச் சேர்ந்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் ‘பறை’ என்றும், ஊர்ப் பேச்சில் அவரவர் வழக்குப்படியும் சொல்லலாம் என்பது என் கருத்து. ஒத்திகையில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது, ‘தப்பைத் தள்ளிப் பிடிடா, தோல் கருகுது’ என்று பெரியவர் சொன்னால், அவரை இளையவர்கள் திருத்தக் கூடாது. அந்தச் சொல்லோடுதான் அவர் அடி பழகினார்.

எடுத்த முடிவுக்கு எழுதும் விளக்கம் நாலைந்து வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம்: எந்தப் பெயரைத் தேர்ந்தோம், ஏன், மற்றப் பெயரை யார் எங்கே வழங்குகிறார்கள், இந்தக் கலையை எந்த வீட்டுப் படியிலும் கட்டாயத்துக்காக நிகழ்த்த மாட்டோம். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அதை வாசித்துவிட்டு, இடக்கையின் நீண்ட சிண்டுக்குச்சியையும் வலக்கையின் குட்டையான அடிக்குச்சியையும் கூட்டத்துக்குக் காட்டி, ஒவ்வொன்றிலும் எழும் ஒலியைத் தனித்தனியே அடித்துக் காட்டுங்கள். பெயருக்காகச் சண்டைபிடிக்க வந்தவரும் அந்த நேரம் காது கொடுப்பார்.

அடுத்த அழைப்பிதழில் ‘பறையாட்டம்’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘எங்கள் ஊர் வழக்கில் தப்பு’ என்று சிறிதாகவும் போடலாம். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் மூத்தவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.