காட்டுத்தீக்குப் பின் பறவை வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேற்கே நெவாடா, ஐடஹோ, ஓரிகன் மாநிலங்களில் சேஜ்பிரஷ் புதர்வெளி பற்றிக்கொண்டால் லட்சம் ஏக்கர்களில்தான் கணக்கு. 2012இல் ஓரிகனின் லாங் டிரா தீ ஐந்தரை லட்சம் ஏக்கரையும், 2018இல் நெவாடாவின் மார்ட்டின் தீ 4.3 லட்சம் ஏக்கரையும் தாண்டி எரித்தன. தீ அணைந்து வேட்டைப் பருவம் திறந்ததும் துப்பாக்கியும் நாயுமாக இறங்குபவர்கள் அங்கே தவறு செய்ய நிறைய வழி உண்டு.

முதல் தவறு, “எரிந்த நிலத்தில் பறவை பெருகும்” என்ற நம்பிக்கை. தென்கிழக்கே ஜார்ஜியா, ஃபுளோரிடா பைன் காடுகளில் இது உண்மை. பாப்வைட் காடைக்காக அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திட்டுத் திட்டாகத் தீ வைக்கிறார்கள். அடர்ந்த புல் கருகி, குஞ்சு நடக்க வெறுந்தரையும் கொத்தித் தின்னப் பூச்சியும் கிடைக்கின்றன. சேஜ்பிரஷ் வெளிக்கு இந்தப் பாடம் பொருந்தாது. வயோமிங் வகைச் சேஜ்பிரஷ் எரிந்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. விதையிலிருந்துதான் வரவேண்டும், அந்த விதையும் தாய்ச்செடியைச் சுற்றிச் சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். பெரிய தீயின் நடுப்பகுதியில் பழையபடி புதர் நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதில் அடிபடுவது, இந்தப் புதரை நம்பி வாழும் கோழியினப் பறவையான சேஜ் கிரவுஸ். குளிர்காலத்தில் அதற்குச் சேஜ்பிரஷ் இலையைத் தவிர உணவே கிடையாது என்று சொல்லிவிடலாம். வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் தீயிலிருந்து பறந்து தப்பிவிடும். இழப்பு பிறகுதான் வரும். அடுத்த வசந்தத்தில், பெட்டையைக் கவர வழக்கமாக ஆடும் இடம் கருகிய பிறகும் அங்கேயே சேவல்கள் கூடி ஆடுவதைப் பார்த்து “கூட்டம் தப்பிவிட்டது” என்று எண்ணிவிடாதீர்கள். அது பழகிய இடத்தை விடாத குணம். பெட்டையும் பழைய இடத்தை ஒட்டியே முட்டையிடும். மறைவு இல்லாததால் அண்டங்காக்கைக்கு அந்தக் கூடு எளிதில் அகப்படும்.

தீக்குள் எரியாமல் தப்பிய புதர்த் திட்டுகளில் பறவைகள் நெருங்கி நிற்கும். சுடுவது சுலபம் என்று அங்கே போவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அந்தப் பகுதிக்கு மறுபடி பறவை பரவ வேண்டிய வித்து அதுதான். வேறிடத்தில் சுட்ட பறவைக்கும் ஒரு இறக்கையைச் சாலையோரம் வைத்திருக்கும் இறக்கைப் பீப்பாயில் போடுங்கள். வெளிப்பக்கத்து இரண்டு பெரிய சிறகுகளின் நுனி கூராக இருந்தால் இளம்பறவை, உருண்டிருந்தால் முதிர்ந்தது. அந்த ஆண்டு எத்தனை குஞ்சு தேறியது என்பதை வனவிலங்குத் துறை இதை வைத்துத்தான் மதிப்பிடுகிறது.

சக்கர் கௌதாரியின் கதை நேர்மாறு. நம் பாட்டுகளில் நிலவொளியைக் குடிக்கும் சகோரத்தின் பெயர்தான் இந்தச் சக்கர். ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட பறவை. நெவாடாவில் அது குடிப்பது நிலவை அல்ல, தின்பது சீட்கிராஸ் விதையை. சேஜ்பிரஷ் எரிந்த இடத்தை இந்த அந்நியப் புல் பிடித்துக்கொள்கிறது. கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து அடுத்த தீக்கு விறகாகிறது. இலையுதிர்கால மழைக்குப் பின் துளிர்க்கும் பச்சையைத் தேடிப் பாறைச் சரிவுகளுக்குச் சக்கர் வரும். ஆக, சக்கர் நிறைய இருப்பதை நிலம் தேறிவிட்டதற்கு அடையாளமாகக் கொள்ளக்கூடாது. கீழிருந்து துரத்துவதும் வீண்: அது மேட்டை நோக்கி ஓடும், பள்ளத்தை நோக்கிப் பறக்கும். முகட்டில் ஏறிக்கொண்டு மேலிருந்து இறங்குங்கள்.

நாயைக் கவனிக்காமல் விடுவது அடுத்தது. கருகிய சேஜ்பிரஷ் கட்டைகள் ஆணிபோல நிற்கும். பாதத்துக்கு உறை போடுங்கள். ஈரச் சாம்பலில் காரம் இருக்கிறது, பாதத்தோலை அரிக்கும். மாலையில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சீட்கிராஸ் விதையின் கூரிய முள் விரலிடுக்கிலும் காதிலும் மூக்கிலும் ஏறும். ஒருமுறை நுழைந்தால் உள்நோக்கியே நகர்ந்து சீழ் பிடிக்கும் என்பதால், விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பதை மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

புறப்படும் முன் மாநில வனவிலங்குத் துறையிடமும், மத்திய அரசு நிலமென்றால் நில மேலாண்மை அலுவலகத்திடமும் எந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். மறுவிதைப்பு செய்த நிலத்தில் வண்டி ஏற்றக்கூடாது. காய்ந்த புல்மேல் நிறுத்தவும் கூடாது: அடியில் கொதிக்கும் புகைக்குழாய் பட்டே தீ பிடித்துவிடும். மண்வெட்டியும் தீயணைப்பானும் வண்டியில் இருக்கட்டும். கிளம்பும்போது வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள்; அதில் ஒட்டிய சீட்கிராஸ் விதை எரியாத பள்ளத்தாக்குக்கும் உங்களோடு வந்துவிடும்.