ராக் மேடையிலிருந்து ஆராதனைக் குழுவுக்கு

ராக் குழுவில் வாசித்துவிட்டு கிறிஸ்துவிடம் வந்தவரா நீங்கள்? இரட்சிக்கப்பட்ட மறுவாரமே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, சபையில் பாடல்களை நடத்தும் ஆராதனைக் குழுவில் போய் நிற்காதீர்கள். சில மாதம் சபையில் சும்மா உட்கார்ந்து பாடுங்கள், போதகரிடம் பழைய கதையை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய குழுவோடு ஒப்பந்தமோ கடனோ பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

அப்புறம் வாசிப்பு. நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சிக்கல் சுருதிதான்: மேடையில் உச்சத்தில் கத்திப் பாடிப் பழகிய நமக்குச் சரியாக இருக்கும் ஸ்கேலில் சபையாரால் பாட முடியாது, அதனால் மேல் டி (D) ஸ்வரத்தைத் தாண்டாதபடி பாட்டை இறக்கிவிடுங்கள், பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் இன்னும் ஒரு படி இறக்குங்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை விற்க வேண்டாம், அந்தக் கரகரப்பின் அளவை (கெயினை) குறைத்தால் போதும். ஜெப நேரத்தில் நாலே கார்டுகளை (chords, சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) மெதுவாகச் சுற்றிச் சுற்றி வாசிக்கத் தெரிய வேண்டும் (தனியாக வாசித்துக் காட்டும் சோலோவைவிட இது கஷ்டம், நம்புங்கள்).

பழைய நண்பர்களை உதறவும் வேண்டாம். அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான கோர்னின் கிட்டார் கலைஞர் பிரையன் வெல்ச் 2005-இல் விசுவாசத்துக்காக விலகினார், 2013-இல் விசுவாசத்தை விடாமலேயே அதே குழுவுக்குத் திரும்பினார். அதனால் கிளம்பும்போது கதவை அறைந்து சாத்தாதீர்கள்.