களி தின்றவனுக்குக் கேன்சர் வராதா? மாவட்டப் புற்றுநோய்க் கணக்கை வாசிக்கும் முறை

ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிவிட்டு டீக்கடைக்கு வருகிறவர்கள் பேச்சில் மண்டி விலைக்கு அடுத்த இடம் வியாதிக்குத்தான். போன மாசியில் ஒருநாள், ஓசூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் கைபேசியை நீட்டினார். மாவட்டவாரியாகப் புற்றுநோய்ப் பட்டியல். “பாருங்கள் மாமா, டவுன்காரர்களுக்குத்தான் அதிகம். களி தின்று வளர்ந்த நமக்கெல்லாம் வராது” என்றார். எதிர் பெஞ்சில் இருந்தவர் விடவில்லை. “எங்கள் ஊரில் மட்டும் ஒன்பது பேர். எல்லாம் அந்தத் தண்ணீர்த் தொட்டி செய்த வேலை.”

வட்டாரப் புள்ளியியலாளராக 26 ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பேரிடமும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. இங்கே சொல்கிறேன்.

பட்டியல் கைக்கு வந்ததும், அது எதை எண்ணியிருக்கிறது என்று பாருங்கள். நிகழ்வு வீதம் என்றால், ஓர் ஆண்டில் ஓரிடத்தில் வசிப்பவர்களில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள், லட்சம் பேருக்கு எத்தனை என்பது. ஏற்கெனவே நோயோடு வாழ்கிறவர்கள் வேறு கணக்கு, இறந்தவர்கள் வேறு கணக்கு. ஒரு மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் எண்ணிக்கை இந்த மூன்றிலும் சேராது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அரூர்க்காரரும் வருவார், திருப்பத்தூர்க்காரரும் வருவார். அந்த எண் மருத்துவமனையின் கூட்டத்தைச் சொல்லுமே தவிர மாவட்டத்தின் நோயைச் சொல்லாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் பாதி இப்படிப்பட்டவை. லட்சம் பேருக்கு என்ற சொல்லும், எந்த ஆண்டு என்பதும் இல்லாவிட்டால் அங்கேயே மூடிவிடுங்கள்.

வசிப்பவர்களை மட்டும் எண்ணும் கணக்குக்கு மக்கள்தொகை சார்ந்த பதிவேடு என்று பெயர். சென்னையில் இது 1980-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. கிராமப்புறத்துக்காக மகாராஷ்டிரத்தின் பார்சியில் 1987-இல் ஒன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் திண்டுக்கல் அம்பிளிக்கையில் 2003-இல் வந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் தமிழக அரசும் சேர்ந்து மாநிலம் முழுவதையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது 2012-இல். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒழுங்கான எண் தேடுகிறவர்கள் அந்தப் பதிவேட்டின் அறிக்கைக்குத்தான் போக வேண்டும். அதற்கு முந்தைய பழைய மருத்துவமனைப் பேரேடு எதையாவது புரட்டினால் ஒன்றை மறக்காதீர்கள்: 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டமே கிடையாது. அன்றைய தர்மபுரிக்குள் ஓசூரும் தளியும் அடக்கம். 2003-ஐயும் 2005-ஐயும் பக்கத்தில் வைத்துத் தர்மபுரியில் நோய் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

அடுத்தது வயது. மைத்துனர் பார்க்காமல் விட்டதும் இதுதான், பெரும்பாலோர் சறுக்கும் இடமும் இதுதான். அதனால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு வந்த இளவட்டங்கள் அதிகம்: 50 வயதுக்குக் கீழே 90,000 பேர், மேலே 10,000 பேர். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் தங்கிவிட்ட கிராமங்கள் சேர்ந்து இன்னொரு லட்சம்: கீழே 70,000, மேலே 30,000. நோய் வரும் வாய்ப்பு இரு பக்கமும் சமம் என்றே வைப்போம். 50-க்குக் கீழே லட்சத்துக்கு 20, மேலே லட்சத்துக்கு 300. தொழிற்பேட்டையில் வருவது 18 கூட்டல் 30, மொத்தம் 48. கிராமத்தில் 14 கூட்டல் 90, மொத்தம் 104. ஒரே நோய், ஒரே வாய்ப்பு. கிராமத்தில் இரு மடங்குக்கும் மேல்! தண்ணீரையும் குற்றம் சொல்ல முடியாது, உரத்தையும் சொல்ல முடியாது. வயதைத்தான் சொல்ல வேண்டும்.

இதைச் சரிசெய்ய, இரண்டு இடத்திலும் நூற்றுக்கு 80 பேர் இளையவர், 20 பேர் மூத்தவர் என்று ஒரே அச்சில் வார்த்துவிட வேண்டும். 20-இல் 80 விழுக்காடு 16, 300-இல் 20 விழுக்காடு 60. இரண்டு பக்கமும் 76 என்று வந்து நிற்கும். பதிவேட்டுக்காரர்கள் செய்வதும் இதையேதான், பல வயதுப் பிரிவுகளாக, உலகப் பொது மக்கள்தொகை என்ற ஓர் அச்சை வைத்து. பட்டியலில் வயது சரிசெய்யாத கச்சா வீதம், வயது சரிசெய்த வீதம் என்று இரண்டு பத்தி இருக்கும். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட இரண்டாவதைப் பாருங்கள். எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர் வேண்டும் என்று யோசிக்கிறவருக்கு முதலாவது போதும்.

கீழே இருக்கும் எண், அதாவது மக்கள்தொகை, அதையும் சந்தேகப்படுங்கள். நம்மிடம் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011-இல் எடுத்தது. அதன்படி தர்மபுரியில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் கிட்டத்தட்ட 18.8 லட்சம். 2021-இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போனதால், பிறகு வந்த வீதங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது மதிப்பீடுதான். அஞ்செட்டிக்கு அந்த மதிப்பீடு பெரிதாகத் தவறாது. 2019-இல் மாநகராட்சியாகி, வாரம் ஒரு குடியிருப்பு முளைக்கிற ஓசூருக்கு? கீழே உள்ள எண் உண்மையைவிடச் சிறிதானால் வீதம் வீங்கிவிடும். டவுனில் அதிகம் என்பதில் ஒரு பங்கு இப்படி வந்த வீக்கமாக இருக்கலாம்.

எண்ணாமல் விட்டதைத் தேடுவதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. என் அத்தை தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் 60 வருடம் வாழ்ந்தவர். வாயில் புண் ஆறவில்லை. மகன் பெங்களூரில் இருந்ததால் அங்கே ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஓரம் மடங்கிய நீல அட்டை. பெயர் ‘மாதம்மா’ என்று இருந்தது, ரேஷன் கார்டில் மாதம்மாள். முகவரி மகன் குடியிருக்கும் தெரு. சேர்க்கைச் சீட்டு எழுதியவர் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார், இவர்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் குறைந்தது ஓராண்டு வசித்தவரைத்தான் அந்த இடத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பதிவேட்டின் விதி. அத்தை பெங்களூரில் இருந்தது 11 நாள். அந்த அட்டையை மட்டும் நம்பினால் கிருஷ்ணகிரிக் கிராமத்தின் நோய் பெங்களூர் நகரத்தின் தலையில் ஏறிவிடும்.

பிறகு அவரைச் சேலத்துக்கு மாற்றியபோது ‘எம். மாதம்மாள்’ என்று மூன்றாவது பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பேரேடுகளில் மாதம்மாள், மாதையன், மாது, முனியப்பா என்ற பெயர்கள் எத்தனை என்று எழுதியவனுக்குத்தான் தெரியும். ஒருவரை இருவராக எண்ணாமல் பிரிக்க, வயது, கணவர் பெயர், ஊர், உறுப்பு என்று நான்கையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். பதிவேட்டுப் பணியாளர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி இதைத்தான் செய்கிறார்கள்.

அத்தையாவது ஏதோ ஒரு தாளில் இருக்கிறார். பென்னாகரம் மலைப்பக்கம் வயிற்று வலி என்று படுத்து, ஆறு மாதத்தில் வீட்டிலேயே இறந்துபோகும் பெரியவர் எந்தத் தாளிலும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதியும்போது காரணம் ‘முதுமை’ என்று போய்விடும். சதை எடுத்துச் சோதிக்கவில்லை, ஸ்கேன் இல்லை. கிராமத்தில் வீதம் குறைவாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். நுண்ணோக்கியில் உறுதிசெய்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பது ஒன்று, இறப்புச் சான்று மூலம் மட்டுமே தெரிய வந்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பது மற்றொன்று. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், உயிரோடு இருந்தபோது பதிவேடு அவர்களைத் தவறவிட்டிருக்கிறது என்று பொருள். இதற்கு நேர்மாறும் நடக்கும். தேடத் தேட எண் ஏறும். தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து தேடத் தொடங்கினார்கள். 1993-இல் இருந்த வீதம் 2011-இல் ஏறத்தாழ 15 மடங்கானது. அந்நோயால் இறப்பவர் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை.

இந்தியப் பதிவேடுகளின் 2012–16 அறிக்கையில் ஆண்களுக்கான வயது சரிசெய்த வீதம் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்–பீட் பகுதியில் 39.5, மிசோரத்தின் ஐஸ்வாலில் 269.4. ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதில் மிசோரத்துக்காரர்களின் புகையிலைப் பழக்கம் இருக்கிறது. உஸ்மானாபாத்–பீட் போன்ற கிராமப்புறத்தில் நோயைக் கண்டறியும் வசதி எவ்வளவு எட்டியது என்ற கேள்வியும் இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள்.

மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு உறுப்புவாரியாகப் பார்க்காமல் எழுந்துவிடவும் கூடாது. புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. நகரத்துப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதல். முதல் பிரசவம் தள்ளிப்போவது, குழந்தைகள் குறைவது, பாலூட்டும் காலம் சுருங்குவது, உடல் எடை என்று காரணங்கள் தெரிந்தவைதான். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் கிராமப்புறத்தில் கூடுதல். அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அதோடு சோதனை எட்டாதது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உள்ள ஊரில் வாய்ப் புற்றுநோய். இரண்டு மாவட்டத்தின் மொத்தம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறுவேறாக இருக்கலாம். ஆண், பெண் இருவரையும் சேர்த்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள், அதனால் பயனில்லை.

தண்ணீர்த் தொட்டிக்காரருக்கு வருகிறேன். தர்மபுரியில் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு நினைவுக்கு வரும். கறைபடிந்த பல்லும் வளைந்த எலும்பும் பார்த்து வளர்ந்த மாவட்டம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததும் அதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பைக் கெடுக்கும். புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-இல் அதை வகைப்படுத்த முடியாதவை என்ற மூன்றாம் பிரிவில்தான் வைத்தது. ஒரு மாவட்டத்தில் ஃபுளோரைடும் அதிகம், ஏதோ ஒரு நோயும் அதிகம் என்றால், ஃபுளோரைடு குடித்தவருக்குத்தான் அந்த நோய் வந்தது என்று ஆகிவிடாது.

ஒன்பது பேர் என்றாரே, மறு வாரம் ஒரு நோட்டோடு அந்த ஊருக்குப் போனேன். உங்கள் ஊரில் இப்படிப் பேச்சு எழுந்தால் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, அதில் வயது, எந்த உறுப்பு, எந்த ஆண்டு கண்டறிந்தார்கள், அதற்கு முன் எத்தனை ஆண்டு இங்கே வசித்தார், சோதனைத் தாளைக் கண்ணால் பார்த்தீர்களா. ஒன்பதில் ஒருவர் இரண்டு பெயரில் இரண்டு முறை வந்திருந்தார். ஒருவருக்குக் கழுத்தில் காசநோய்க் கட்டி. மாத்திரையில் குணமாகி மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் திருமணமாகிப் போய் 14 ஆண்டாயிற்று. இன்னொருவருக்கு 2009-இல் வந்தது. மிச்சம் ஐந்து பேர், மூன்று ஆண்டுகளில், 4,000 பேர் உள்ள ஊரில். 4,000 பேர், மூன்று ஆண்டு என்றால் 12,000; ஐந்தை அந்த 12,000-ஆல் வகுத்து லட்சத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 42. பயப்படும்படியான எண் இல்லை. ஐந்து என்பதே வழுக்குகிற எண். தற்செயலாகவே அது இரண்டாகவும் பதினொன்றாகவும் வந்திருக்கலாம். நூறு பேர் இருந்தால், தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று பார்க்க அதன் வர்க்கமூலத்தை இரு மடங்காக்கலாம்: வர்க்கமூலம் பத்து, இரு மடங்கு இருபது, ஆக 80 முதல் 120 வரை என்று ஓரளவு பிடித்து நிறுத்தலாம். ஐந்தை நிறுத்த முடியாது. அதனால்தான் பஞ்சாயத்துவாரியாக வீதம் போட்டு வரைபடத்தில் சிவப்படிப்பவர்களை எனக்கு ஆகாது.

ஆனால் நோட்டில் இன்னொன்று இருந்தது. ஐந்தில் மூன்று பெண்கள், மூவருக்கும் கர்ப்பப்பைவாய். தண்ணீர்த் தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று என்பதும் சிறிய எண்தான். ஆனாலும் சோதனை செய்வதற்கு எண் பெரிதாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. திண்டுக்கல் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். அதனால் அந்நோய் கால் பங்கு குறைந்தது, அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு இந்தச் சோதனை உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021-இல் தொடங்கிவைத்ததே நம் சூளகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்காரரின் ஊரில் விசாரித்தால், சோதனைக்குப் போனவர்கள் என்று நாலு பேரைக்கூடக் காட்ட முடியவில்லை.

நோட்டை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்தேன். பெயர்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எண்களை மட்டும் கொடுத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். சித்திரையில் நர்ஸ் வந்தார். ஆண்கள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதுவும் நல்லதுதான். பள்ளிக்கூடத்து அறையில் திரை கட்டி, மதியத்துக்குள் 31 பெண்களைப் பார்த்து முடித்தார்கள். இருவரை மேல்சோதனைக்குத் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். அத்தையின் அட்டை நினைவில் இருந்ததால், கிளம்பும்முன் இருவரிடமும் சொன்னேன்: “சீட்டில் இந்த ஊர்ப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் இருக்கிறபடியே உங்கள் பெயரையும்.”